கோபுர வாசலில் என் கை

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மலேசிய ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கிள்ளானில் லோரிக்கு மூட்டை ஏற்றும் ஆளாகத் தொடங்கி, ஓட்டுநராகி, ஓட்டை லோரி ஒன்றுக்கு முதலாளியாகி, இன்று பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் போக்குவரத்துக் கம்பெனியை நிலைநிறுத்தியவன். ஒரு லோரி வெள்ளத்தில் போனது. ஒரு கூட்டாளி இரவோடு இரவாகக் காணாமல் போனான். வங்கி அதிகாரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அத்தனையும் தாண்டி மாடிவீடு கட்டினேன், மூன்று பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கினேன், தோட்டத்துக் கோயிலுக்கு மண்டபம் எழுப்பினேன். மண்டபத்துக் கல்லில் என் பெயர் இருக்கிறது. முதலில் சின்ன எழுத்தில் வெட்டியிருந்தார்கள். பெயர்த்தெடுக்கச் சொல்லிப் பெரிதாக வெட்ட வைத்தேன்.

கடைசியாக நான் கட்டியது என் பேஸ்புக் பக்கம். ‘லோரி தாத்தா’ என்று தேடினால் வரும். எழுத்து சரியாக வராதவனுக்கு வாய்த்த முதல் மேடை அது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் பேசினால் போதும், ஒற்றுப்பிழை யாருக்கும் தெரியாது. கோலாலம்பூரில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள்கூட, “தாத்தா, இன்னைக்கு எங்க போறீங்க?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காகவே காலையில் எழுந்த நாட்கள் உண்டு.

இந்தக் கட்டுரையை என் கையால் எழுதுகிறேன். பிழை திருத்துவது சின்ன மகள். வார்த்தை என்னுடையது.

வைகாசியில் காஞ்சிபுரம் போனோம், நானும் என் அக்கா அலமேலுவும். காரணம் இரண்டு. சின்ன மகளின் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும். அது என் காரணம். அக்காவின் காரணம் வேறு. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், எங்கள் அம்மா வைத்திருந்த ஒரே சாமி படம், கருடன்மேல் வரும் காஞ்சி வரதர். வைகாசிக் கருட சேவையன்று விடியலில் சாமி கோபுர வாசலுக்கு வரும்போது, ஒரு கணம் குடைகளால் அவரை மறைத்துவிடுவார்களாம். வருஷா வருஷம் வந்த பக்தர் ஒருவர் ஒரு தடவை வர முடியாமல் சோளிங்கபுரத்திலேயே நின்று அழுதாராம். சாமி அந்தக் கணத்தில் அங்கே போய் அவருக்குத் தரிசனம் கொடுத்துவிட்டு வருகிறார் என்பது கதை. குடை விலகியதும் சாமி திரும்ப வந்துவிடுவார். அம்மா சொன்ன இந்தக் கதையின் அந்த ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

அவளுக்கு அவசரமும் இருந்தது. சர்க்கரை ஒரு கண்ணைத் தின்றுவிட்டது. மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, அடுத்த வருஷத்துக்குத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெயிலில் அவளுக்கு எல்லாமே வெள்ளை. மங்கிய வெளிச்சத்தில்தான் உருவம் தெரியும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ரப்பர் பால்மரம் சீவியவள் அல்லவா, கடைசியில் அவள் கண்ணும் அந்த வெளிச்சத்துக்கே திரும்பிவிட்டது.

“தம்பி, விடியறதுக்குள்ள பாத்துடணும்” என்று விமானத்திலேயே சொன்னாள்.

“நான் இருக்கேன்ல” என்றேன். என் வாயிலிருந்து அதிகமாக வரும் வாக்கியம் அது.

முதல் நாள் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினோம். நம் ஊரில் டாக்சிக்குள் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்தால் அபராதம். இங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஓட்டுநருக்கே தெரியவில்லை. என் மடியில் யாருடைய கீரைக்கட்டோ இருந்தது. இதையெல்லாம் நான் லைவில் காட்டிக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. தலையை நிமிர்த்தியபோது கடைகளைக் காணோம், சாலையோரம் வயல் தெரிந்தது.

“எந்த ஊருப்பா இது?”

“ஐயம்பேட்ட” என்றார் ஓட்டுநர். “நீங்க எறங்க வேண்டிய இடம் அப்பவே பூடுச்சு பெரியவரே. தொண்ட கிழிய கூவினேன். நீங்க அந்தப் பொட்டிகூட பேசிக்கினே கீறீங்க.”

“அக்கா, நீயாவது சொல்லக்கூடாதா?”

“ஒன் ரசிகருங்ககிட்ட பேசிட்டிருந்தியே. குறுக்க பேசுனா கோவிச்சுக்குவ” என்றாள் அக்கா.

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். அவர் பெயர் தனசேகர். எங்களைத் தேநீர்க் கடையில் உட்கார வைத்து வடை வாங்கிக் கொடுத்து, திரும்பும் சவாரியில் முன்னால் ஏற்றிக்கொண்டார். “நாளன்னிக்கி கருட சேவைக்குப் போனா பத்திரம்மா” என்றார் அக்காவிடம். “ஊரே அங்கதான் இருக்கும். இவரு கைய விட்றாதீங்க. இவரு ஊட்ல இல்ல, மேகத்துல கீறாரு.”

பட்டுக்கடையில் கடைக்காரர் புடவைகளை விரித்துக்கொண்டே போனார். அக்கா வாசல் வெளிச்சத்தை விட்டு உள்ளே மூலைக்கு நகர்ந்து, ஒவ்வொன்றையும் முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்தாள். நெருக்கமான சரிகைக் கரை. “இதுதான்டா. நம்ம புள்ள நிறத்துக்கு இதுதான்.”

நான் அதற்குள் மூன்று புடவைகளைத் தோளில் போட்டு லைவில் காட்டி, “எது நல்லாருக்கு? ஓட்டுப் போடுங்க” என்று கேட்டிருந்தேன். மயில்கழுத்து நிறம் ஜெயித்துக்கொண்டிருந்தது.

“இன்னா சார், எலக்‌ஷன் மாதிரி கீது!” என்றார் கடைக்காரர். “முகூர்த்தப் பொடவைய ஓட்டு போட்டு எடுத்து இப்பதான் பாக்கறேன். டெபாசிட் போன பொடவைய மடிச்சிடட்டா?”

மகள் அழைப்பில் வந்தாள். “அப்பா, அத்தைக்கு எது பிடிச்சிருக்கு?”

“அத்தைக்குக் கண்ணு எங்கம்மா தெரியுது?” என்றேன்.

ஒரு கை தூரத்தில் அக்கா நின்றிருந்தாள். கையிலிருந்த அரக்குப் புடவையை மெதுவாக, மடிப்புக் கலையாமல், கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தனியாக ஓரமாக வைத்தார். நான் மயில்கழுத்தைக் கட்டச் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எழுதும்போதுதான் காது சுடுகிறது.

மறுநாள் ஓய்வு. காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டோம். மந்தாரை இலை வாசனையும் சுக்கும் மிளகுமாக, இட்லி என்ற பெயரை வைத்துக்கொண்டு வேறு ஏதோ ஒன்று. நம் ஊர் இட்லி பூ மாதிரி என்றால் இது செங்கல், ஆனால் ருசியான செங்கல். நான் அதைப் படம் பிடித்து, கோணம் மாற்றி, வெளிச்சம் பார்த்து முடிப்பதற்குள் ஆறிவிட்டது. அக்கா தன்னுடையதை முடித்துவிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. நாலு பேரும் நாலு கைப்பேசிக்குள் தலையை விட்டிருந்தார்கள். “பாத்தியாக்கா, இந்தக் காலத்து ஜனங்களை” என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள், ஆறிய என் இட்லியைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள்.

மூன்றாம் நாள் இருட்டோடு கிளம்பினோம். சின்ன காஞ்சிபுரம் சந்நிதித் தெருவில் எங்களுக்கு முன்பே ஒரு ஊர் வந்து நின்றிருந்தது. தலைகளுக்கு மேல் தலைகள். கோபுரத்தைப் பார்த்த மாதிரி, ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி எனக்கும் அக்காவுக்கும் இடம் பிடித்துவிட்டேன். கூட்டத்தில் இடம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, துறைமுகத்தில் வரிசையில் நின்று வளர்ந்தவன். அக்கா என் சட்டைப் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு பூக்கார அம்மா, கூடையை இடுப்பில் இடுக்கி நின்றார்.

“எந்த ஊரு ஆயா?”

“மலேசியா” என்றாள் அக்கா.

“அடி ஆத்தீ! கடல தாண்டி வந்துக்கினு கீறீங்களா? வா, இப்டி என் முன்னாடி வந்து நில்லு. எனக்கு வருஷா வருஷம் கெடைக்கும்.”

அந்த அம்மா விட்டுக்கொடுத்த இடத்தில் அக்கா நின்றாள். இடுக்கு வழியாகக் கோபுர வாசல் நேராகத் தெரிந்தது. தீவட்டி வெளிச்சம், இன்னும் விடியாத வானம். அவள் கண்ணுக்கென்றே அளந்து வைத்த வெளிச்சம். “தெரியுதுடா தம்பி! வாசப்படி தெரியுது!” என்றாள். அந்தக் குரலை நான் கடைசியாகக் கேட்டது, தோட்டத்தில் அவள் சிறுமியாக இருந்தபோது.

நான் லைவைத் திறந்தேன். கிள்ளானில் அப்போதே விடிந்திருக்கும். ஆட்கள் சரசரவென்று வந்தார்கள். “தாத்தா, எங்களுக்கும் தரிசனம்!” “தாத்தா, அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, காட்டுங்க.” எனக்கு நெஞ்சு விம்மியது. வர முடியாதவர்களுக்கெல்லாம் நான் காட்டுகிறேன் என்று நினைத்தேன். இதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் நான் தப்பு செய்யவில்லை, புண்ணியம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

“கோவிந்தா!” என்று தெரு முழுக்க ஒரே குரல். வாசலில் கருடன் அசைந்து வந்தது.

“தாத்தா, தலை மறைக்குது.” “மேல தூக்குங்க.” “கொஞ்சம் லெப்ட்ல.”

தூக்கினேன். இடப்பக்கம் அரை அடி நகர்ந்தேன். குடைகள் தாழ்ந்து சாமியை மூடின. “இருங்க, இருங்க, போகாதீங்க, இப்ப வந்துடுவாரு” என்று கைப்பேசியிடம் சொல்லிக்கொண்டே இரண்டாவது கையையும் உயர்த்தினேன். குடைகள் விலகின. சாமி திரும்ப வந்தார். தெரு அழுதது. என் திரையில் பூக்களும் இதயங்களும் பொங்கி மேலே போயின.

கருடன் எங்களைக் கடந்து போனது. கூட்டம் பின்னாலேயே நகர்ந்தது. நான் கையை இறக்கித் திரும்பினேன்.

“பாத்தியாக்கா?”

“பாத்தேன்பா” என்றாள்.

“இன்னாத்த பாத்தாங்க?” பூக்கார அம்மா என்மேல் பாய்ந்தார். “உன் கம்கட்டதான் பாத்தாங்க! தம்பி தம்பின்னு அந்தம்மா சட்டைய புடிச்சு இழுத்துக்கினே இருந்துது. நானும் முதுவுல அடிச்சேன். உறைச்சுதா உனக்கு? கடல தாண்டி இட்டாந்து உன் அக்குள காட்டி அனுப்பறியே, நல்லா இருப்பியா நீ?”

என் முதுகில் அடி விழுந்ததே எனக்குத் தெரியாது. சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பின்புறம் கசங்கி, வெளியே இழுபட்டுக் கிடந்தது.

“அக்கா…”

“விடும்மா” என்றாள் அக்கா, பூக்கார அம்மாவிடம்தான். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் லேசாகச் சிரித்தாள். “சோளிங்கபுரத்துல ஒருத்தன் அழுவறான்னு சாமி இங்க ஒரு நிமிஷம் மறைஞ்சாரு. நீ கிள்ளான்ல இருக்கறவங்களுக்காக என்ன மறைச்சிட்ட. சாமியாவது திரும்பி வந்துட்டாருடா.”

அப்புறம் நான் ஓட ஆரம்பித்தேன். சாமி பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் போய்த் திரும்புவார், முந்திப் போய் நின்றால் பார்த்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். தனசேகரின் ஆட்டோவைத் தேடிப் பிடித்தேன். ஊரைச் சுற்றிச் சந்து சந்தாக விட்டார். ஒரு சந்தில் தடுப்பு, அடுத்ததில் அன்னதான வரிசை, இன்னொன்றில் நீர்மோர்ப் பந்தலே சாலையை மறித்து நின்றது. “இதுக்கு மேல வண்டி போவாது சார். நடந்துதான் போவணும்” என்றார்.

அக்காவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தூக்கிக்கொள்கிறேன் என்றேன். “மூட்டையா நானு?” என்றாள். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். கடைசியாக அவள் கையைப் பிடித்து நடந்தது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. நான் ஐந்தாவதோடு நின்ற அன்று லோரி வேலைக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டவள் அவள்தான். மேலே எழுதிய பட்டியலில் அது விட்டுப்போயிருக்கிறது. மறந்தேனா, மறைத்தேனா, எனக்கே தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அக்கா முகத்தைச் சுருக்கினாள். “எல்லாம் வெள்ளையாத்தான் இருக்குடா.”

ஒரு கடையில் குடை வாங்கினேன். அவள் கண்ணுக்கு நிழல் விழுகிற மாதிரி பிடித்தேன். “இப்பத் தெரியுதா?” “கொஞ்சம் தெரியுது. இன்னும் தாழ்த்திப் பிடி.” தூரத்தில் வாத்தியம் கேட்டது. கருடன் திரும்பும் முனைக்கு வந்தது. பின்னாலிருந்து கூச்சல்: “யோவ் பெருசு! கொடைய மடக்குயா! பின்னாடி கீறவன்லாம் மனுசன் இல்ல?” ஒரு கை வந்து குடைக்கம்பியை இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் எக்கி எக்கி நின்றிருந்தார்.

நான் குடையை மடக்கினேன். அதைத் தவிர எனக்கு நியாயம் எதுவும் மிச்சமில்லை.

சாமி போனார். அக்கா கைகூப்பி, வாத்தியச் சத்தம் நகர்கிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“தங்கமா என்னமோ போச்சு தம்பி” என்றாள்.

மத்தியானம் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டாக்கினேன். “ஒன் போன்ல இருக்குமே, அதுல காட்டு” என்று அவளே கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். நான் தள்ளி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டேன். கோவிந்தா, வாத்தியம், “போகாதீங்க, இப்ப வந்துடுவாரு” என்ற என் குரல். அதற்கு அடியில், மிகவும் பக்கத்தில், வேறொரு குரல்.

“தம்பி… கைய எறக்குப்பா… எனக்குத் தெரியலப்பா… தம்பி…”

அப்புறம் கோவிந்தா அதை மூடிவிட்டது.

அக்கா முடிகிற வரைக்கும் பார்த்தாள். போனை என்னிடம் கொடுத்தாள். “நல்லாத்தான் புடிச்சிருக்க. தெளிவா இருக்காரு.” படுக்கையில் சாய்ந்து, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இதுக்கு கிள்ளான்லயே இருந்திருக்கலாம்.”

ஊருக்கு வந்தோம். மகள் பெட்டியைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “அத்தை எடுத்தது எதுப்பா?” மயில்கழுத்துப் புடவை நன்றாகத்தான் இருக்கிறது. முகம் தெரியாதவர்கள் ஓட்டுப் போட்டு எடுத்தது.

அந்த வீடியோ என் வாழ்நாளில் நான் போட்டதிலேயே அதிகம் பரவியது. நான் பார்க்காதவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள். ஆமாம், நானும்தான் சாமியைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எனக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தோன்றியது. அக்காவுக்கு மறைத்தது என் கை. எனக்கு மறைத்ததும் அதே கைதான்.

இந்தக் கைப்பேசியை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாக இருந்த அந்த அம்மாளின் மகன், “கண்ணை மூடறதுக்கு முன்னாடி வரதரைப் பாத்துட்டாங்க தாத்தா” என்று எழுதியிருந்தான். அதைப் படித்து அழுதேன். அதுவும் உண்மை. ஆனால் எங்கோ இருக்கிற ஒரு அம்மாளுக்குக் காட்டத் தெரிந்த எனக்கு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் காட்டத் தெரியவில்லை. தொலைவில் இருப்பவன் ‘மேல தூக்குங்க’ என்றால் கேட்கிறது. முதுகுக்குப் பின்னால் இருப்பவள் ‘எறக்கு’ என்றால் கேட்கவில்லை. இதற்குப் பெயர் பழக்கம் என்றால் பழக்கம், அடிமைத்தனம் என்றால் அடிமைத்தனம். என் வயதில் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

அக்காவுக்கு இப்போது விளக்கு இருக்கிற திசை மட்டும் தெரிகிறது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிறேன். போனை லோரி ஆபீசிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அவள் காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இட்லியைப் பற்றித்தான் பேசுகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோவைப் பல பேர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். என் பெயரை எடுத்துவிட்டார்கள். சிலர் சத்தத்தையும் எடுத்துவிட்டு ஏதோ வாத்தியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். முந்தைய கோவிந்தனாக இருந்தால் பெயருக்காகச் சண்டைக்குப் போயிருப்பேன். இன்றும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன். சத்தத்தை வெட்டாதீர்கள். சாமி குடைக்குள் மறைகிற இடத்தில் ஒரு பொம்பளைக் குரல் கேட்கும். அது அலமேலு, பால்மரம் சீவி என்னை ஆளாக்கியவள், அவள் பெயரைப் போடுங்கள். அவளை மறைத்த கை என்னுடையது. அதற்கு நேராக, மண்டபத்துக் கல்லில் வெட்டச் சொன்ன அளவுக்குப் பெரிய எழுத்தில், என் பெயரைப் போடுங்கள்: கிள்ளான் லோரி கோவிந்தன்.